திருமுழுக்கு, ஞானஸ்நானம்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிறந்தது கிருஷ்ணகிரியில், மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபை வீட்டில். கலியாணமாகிப் போனது எலத்தகிரிப் பக்கம், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு. என் தம்பி இப்போது பெந்தெகொஸ்தே சபை விசுவாசி. ஆக, ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான ஞானஸ்நானத்தைப் பார்த்துவிட்டேன். பதினோரு வருடமாக எங்கள் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்), குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வரும் பெற்றோருக்கான ஆயத்த வகுப்பில் உதவி செய்கிறேன். வகுப்புக்குள் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான், "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வாசலில் வந்த கேள்விகள் இவை.

திருமுழுக்கு, ஞானஸ்நானம், மாமோதீசா. மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான். பழைய தமிழ் வேதாகமத்திலும் சீர்திருத்த சபைகளிலும் ஞானஸ்நானம் என்பார்கள். கத்தோலிக்கர்களும் முன்பு அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் மாமியார் இன்றுவரை அந்தச் சொல்லை விடவில்லை. இப்போது கோவிலில் புழங்குவது திருமுழுக்கு. மாமோதீசா என்பது சிரியாக் மொழியிலிருந்து மலையாளத்துக்கு வந்த சொல். ஓசூரில் வேலைக்கு வந்து குடியேறிய மலையாளிக் குடும்பங்கள் வாயில் கேட்கலாம். மூலக் கிரேக்கச் சொல்லுக்கு நீரில் அமிழ்த்துவது என்று பொருள்.

இது கிறிஸ்தவர்களுடைய பெயர் சூட்டு விழா என்று சொந்தக்காரர்களிடம் சொல்லலாமா?

அழைப்பிதழில் பலர் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

நம் ஊரில் வாழ்க்கையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு உண்டு. தொட்டில் போடுகிறோம், மொட்டையடித்துக் காது குத்துகிறோம், பெண் பிள்ளை பெரியவளானால் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆர்னால்டு வான் கெனப் என்ற அறிஞர் 1909-இல் இப்படிப்பட்ட சடங்குகளைப் பற்றி பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். எந்த நாட்டுச் சடங்கானாலும் மூன்று கட்டம் இருக்கும் என்றார்: பழைய நிலையிலிருந்து பிரிவது, வாசற்படியில் நிற்பது, புதிய நிலைக்குள் சேர்த்துக்கொள்ளப்படுவது.

திருமுழுக்கை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கத்தோலிக்கச் சடங்கு பீடத்தில் ஆரம்பிப்பதில்லை, கோவில் வாசலில் ஆரம்பிக்கிறது. குரு அங்கே வந்து, குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள், இறைவனின் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று விசாரிப்பார். நெற்றியில் சிலுவை வரைந்தபின்தான் உள்ளே அழைத்துப் போவார். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில் தந்த போதனைகளில் இது இன்னும் அழுத்தமாக இருக்கிறது. முழுக்குப் பெற வந்தவர்கள் இருள் விழும் மேற்குத் திசையைப் பார்த்து நின்று சாத்தானை விட்டுவிட்டேன் என்பார்கள். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள்.

பெயர் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் கடந்து போவது பற்றியது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில், இது கிறிஸ்துவோடு சாவதும் அடக்கம் பண்ணப்படுவதும் அவரோடு எழுவதும் என்கிறார். மொட்டை அடிக்கிற விழாவைப் போலக் குழந்தை வளர்வதைக் கொண்டாடும் நாள் இல்லை இது. சாவைத் தாண்டிய நாள். அதனால்தான் யாராவது இறந்தால் சவப்பெட்டி மேல் தெளிக்கும் தீர்த்தத்தைத் திருமுழுக்கின் நினைவு என்கிறோம்.

ஒன்றும் தெரியாத கைக்குழந்தைக்குக் கொடுப்பது சரியா? அவன் பெரியவனாகித் தானே முடிவு செய்யட்டுமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இரண்டு பக்கமும் நேர்மையாகச் சொல்கிறேன்.

வளர்ந்தபின் கொடுக்க வேண்டும் என்பவர்கள் மாற்கு 16:16-ஐக் காட்டுவார்கள்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம்பெற்றவன் இரட்சிக்கப்படுவான்." முதலில் விசுவாசம், அப்புறம் தண்ணீர். எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைப் பார்த்து, இதோ தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று தானே கேட்டான். புதிய ஏற்பாட்டில் இன்ன குழந்தைக்குக் கொடுத்தார்கள் என்று பெயர் சொல்லி ஓர் இடமும் இல்லை. இது உண்மை.

குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்துக்குப் போவார்கள். லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைக்காவலனும் அவனைச் சேர்ந்த அனைவரும் பெற்றார்கள் என்று அங்கே இருக்கிறது. அந்தக் காலத்து வீடு என்றால் அதில் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் சேர்த்திதான். "சிறுபிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்ற இயேசுவின் வார்த்தையும் இருக்கிறது.

இந்த வாதத்துக்காக உயிரே போயிருக்கிறது. 1525 சனவரியில் சூரிக் நகரில் சிலர், குழந்தையில் பெற்றது செல்லாது என்று ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். மறுமுழுக்கர் என்று அவர்களை ஏசினார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 சனவரியில் நகர மன்றம் லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. தண்ணீரில் முழுகியதற்குத் தண்டனையாகத் தண்ணீரிலேயே சாவு. கொன்றவர்களும் கிறிஸ்தவர்கள்தான். இதைப் படித்த நாளிலிருந்து யார் வீட்டிலும் இந்த விஷயத்தில் குரல் உயர்த்திப் பேசுவதை விட்டுவிட்டேன்.

என் கருத்தைக் கேட்டால், குழந்தைக்குக் கொடுப்பது சரி என்பேன். தாய்மொழியைக் குழந்தையைக் கேட்டா கொடுக்கிறோம்? தெரிந்துகொள்ளும் முன்பே ஒருவரை ஏற்றுக்கொள்வதுதான் கடவுளுடைய வழி என்று நம்புகிறேன். ஆனால் தண்ணீர் ஊற்றியதோடு முடிந்தது என்று நினைக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது, எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. குழந்தை சார்பாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அந்தக் குழந்தை தனக்கு என்ன கிடைத்தது என்றே தெரியாமல் வளரும். கத்தோலிக்கத்தில் புதுநன்மையும் (முதல்முறை நற்கருணை அப்பம் பெறுவது) உறுதிபூசுதலும், லுத்தரன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் திடப்படுத்தலும் இருப்பது அதற்காகத்தான். அன்று மற்றவர்கள் சொன்ன பதிலை அந்தப் பிள்ளையே எழுந்து நின்று சொல்ல வேண்டும். எனக்குத் திடப்படுத்தல் நடந்தபோது வயது பதினைந்து. லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை அப்பா இரவு இரவாக மனப்பாடம் பண்ண வைத்தார்.

தெளிப்பதா, ஊற்றுவதா, முக்குவதா?

முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் டிடாக்கே என்ற சிறு நூல் இதற்கு அழகாகப் பதில் சொல்கிறது. ஓடும் நீரில் கொடு. அது இல்லையென்றால் வேறு நீரில். குளிர்ந்த நீரில் முடியாவிட்டால் வெந்நீரில். இரண்டும் போதிய அளவு இல்லையென்றால் தந்தை, மகன், தூய ஆவி பெயரால் தலையில் மூன்று முறை ஊற்று. நம் மாவட்டத்துத் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த யாரோ எழுதியது போல இருக்கும்.

கத்தோலிக்கத்தில் வழக்கமாக மூன்று முறை ஊற்றுகிறோம், மூழ்கவைப்பதும் அனுமதிக்கப்பட்டதுதான். லுத்தரன், சிஎஸ்ஐ சபைகளில் பெரும்பாலும் ஊற்றுவதோ தெளிப்பதோ நடக்கும். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் முழுவதும் மூழ்க வேண்டும்.

ஆற்றில் பெற்றால்தான் செல்லுமா? ஒகேனக்கலில் வைத்துக் கொடுக்க முடியுமா?

யோர்தானில் இயேசு பெற்றதால் ஆறுதான் விசேஷம் என்று ஒரு நினைப்பு. பெரும்பாலான சபைகள் ஆற்றைக் கட்டாயமாக்கவில்லை. சாதாரணத் தண்ணீராக இருந்தால் போதும். எங்கள் பகுதியில் முழுக்கு கொடுக்கும் சபைகள் தென்பெண்ணை, காவிரி, அணைப் பக்கம் என்று போவதுண்டு. ஆலயத்துக்குள்ளேயே சிமெண்ட் தொட்டி கட்டிவைத்த சபைகளும் உண்டு.

ஒகேனக்கலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாறைக்கு அடியில் எங்கே சுழல் இருக்கிறது என்பது பரிசல்காரர்களுக்குத்தான் தெரியும். கர்நாடகத்தில் அணை திறந்தால் தண்ணீர் வேகமாக ஏறும். வெள்ளை உடை நனைந்து காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். தடை போட்டிருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் சில நாள் நுரை பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் யாரையும் முக்க வேண்டாம், தொட்டியே நல்லது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் கெட்டுப்போன தலைமுறையைப் பார்த்தவர்கள் நாங்கள். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில்தான் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. கோவில் தொட்டியில் ஊற்றுவதும் அந்தத் தண்ணீர்தான். குரு அதன் மேல் கைநீட்டி நோவா காலத்து வெள்ளத்தையும் செங்கடலையும் யோர்தானையும் நினைவுகூர்ந்து மன்றாடும்போது, ஆற்றுக்கு நாம் போகாவிட்டாலும் ஆறு நம்மிடம் வந்துவிட்டது என்று தோன்றும்.

நான் லுத்தரன் சபையில் பெற்றவள். கத்தோலிக்கத்தில் கலியாணம். மறுபடி பெற வேண்டுமா?

வேண்டாம். இது என் சொந்தக் கதை. கிருஷ்ணகிரியில் லுத்தரன் சபை புதிதாக வந்ததல்ல. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் முதலில் காலூன்றியதே இங்கேதான், 1895-இல், தியோடர் நேதர் என்ற மிஷனரி மூலம். எங்கள் தாத்தா வழி அந்தச் சபைதான். கலியாணத்துக்கு முன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பியபோது, மறுபடி தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அப்பா பயந்தார். பங்குத்தந்தை ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் கேட்டார். அப்பா சபைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வாங்கிவந்தார். அதைப் படித்துவிட்டுப் பங்குத்தந்தை, "இது எங்களுக்கும் திருமுழுக்குத்தான்" என்றார். விசுவாச அறிக்கையும் உறுதிபூசுதலும்தான் நடந்தன. அன்று அப்பா முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியாது.

தண்ணீரும் திரித்துவப் பெயரும் இருந்தால் லுத்தரன், சிஎஸ்ஐ, ஆர்த்தடாக்ஸ் என்று எங்கே பெற்றாலும் கத்தோலிக்கம் ஏற்கிறது. நடந்ததா இல்லையா என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்து தீராவிட்டால், "நீ இதுவரை திருமுழுக்குப் பெறவில்லை என்றால்" என்று நிபந்தனையோடு கொடுப்பார்கள். மார்மன் சபையில் பெற்றதை ஏற்பதில்லை என்று 2001-இல் வத்திக்கான் சொல்லிவிட்டது.

பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவர்கள் ஏன் மறுபடி முழுக்கு எடுக்கிறார்கள்?

அவர்கள் அதை மறுபடி என்று சொல்லமாட்டார்கள். குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல, இதுதான் முதல் என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு ஐந்து வருடம் ஆனது.

தம்பி பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் குடிக்குப் பழகிவிட்டான். அதிலிருந்து அவனை மீட்டது ஒரு சின்ன சபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்பெண்ணையில் முழுக்கு எடுத்தான். வீட்டில் சொல்லவில்லை. ஈரத் தலையோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அப்போ நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது எதற்கு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இரண்டு வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை.

தம்பி அப்பாவை அவமானப்படுத்த நினைக்கவில்லை. தன் வாழ்க்கை மாறியதை உடம்பால் சொல்ல அவனுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அப்பாவும் சபை வெறியில் கோபப்படவில்லை. குழந்தையைக் கையில் ஏந்தி அவர் கொடுத்த வாக்கை யாரோ வெறும் தண்ணீர் என்று சொன்னது போல வலித்தது. ஒருவருக்கொருவர் என்ன கேட்டது என்பதை யாராவது அன்றே எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

ஒரே ஞானஸ்நானம் என்று எபேசியர் நான்காம் அதிகாரம் சொல்வதால், ஒருமுறை பெற்றதைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆணையம் 1982-இல் லிமாவில் ஏற்றுக்கொண்ட ஆவணமும் அதையே சொல்கிறது. வாழ்க்கை திரும்பியதைச் சபை முன் சொல்லத்தான் வேண்டும். அதற்குச் சாட்சி சொல்லலாம், பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாட்டில்) வாக்குறுதியைப் புதுப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே முழுகியவரிடம் போய் நீ செய்தது தவறு என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

"இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கும் சபைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் 2:38-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். மற்றப் பெரும்பாலான சபைகள் மத்தேயு 28:19-இல் இயேசு சொன்ன மூன்று பெயர்களையும் சொல்ல வேண்டும் என்கின்றன. கத்தோலிக்கத்தில் வார்த்தையை மாற்றவே முடியாது. "நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்று சொன்னால்கூடச் செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் அறிவித்தது.

தண்ணீரே இல்லாத சபை உண்டா?

உண்டு. இரட்சணிய சேனையும் குவேக்கர்களும் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. உள்ளம் மாறுவதே போதும், வெளி அடையாளம் அவசியமில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

ஓசூரில் மலையாளி நண்பர் வீட்டுக் குழந்தைக்கு அன்றே நற்கருணையும் கொடுத்தார்கள். அது எப்படி?

அவர்கள் ஆர்த்தடாக்ஸ் குடும்பமாக இருப்பார்கள். கிழக்கத்திய சபைகளில் முழுக்கு, மூரோன் என்ற தைலம் பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே நாளில், கைக்குழந்தைக்கே நடக்கும். மேற்கத்திய வழியில் நாம் வருடக்கணக்காகப் பிரித்துவைத்திருப்பதை அவர்கள் ஆதியில் இருந்தபடி சேர்த்தே வைத்திருக்கிறார்கள். கொடுப்பவர் சொல்லும் வார்த்தையும் வேறு. "நான் கொடுக்கிறேன்" என்று இருக்காது. இந்த ஊழியன் திருமுழுக்குப் பெறுகிறான் என்று வரும். செய்பவர் கடவுள், குரு கருவி என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஓசூர் பெயரிலேயே சீரோ மலபார் மறைமாவட்டம் ஒன்று 2017-இல் வந்திருக்கிறது. அவர்கள் ஆர்த்தடாக்ஸ் அல்ல, திருத்தந்தையோடு இணைந்த கத்தோலிக்கர். வழிபாட்டு முறைதான் கிழக்கத்தியது. நம் தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் உருவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அதில் அடங்கும்.

தாய்மாமன் இந்து. அவரே ஞானத்தந்தையாக நிற்கலாமா?

நம் பக்கம் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. அதனால் இந்தக் கேள்வியில் பல வீட்டில் மனக்கசப்பு வந்துவிடுகிறது.

ஞானப்பெற்றோராக நிற்பவர் குழந்தையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். தனக்கு இல்லாத விசுவாசத்துக்கு அவர் வாக்குக் கொடுக்க முடியாது, அப்படிக் கொடுக்கச் சொல்வது அவருக்கும் மரியாதை அல்ல. கத்தோலிக்கச் சட்டப்படி ஞானப்பெற்றோராக நிற்பவருக்குப் பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும். உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்றோரே ஞானப்பெற்றோராக முடியாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வேறு சபைக் கிறிஸ்தவர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். என் மூத்த மகளுக்கு எங்கள் அப்பா அப்படித்தான் நின்றார்.

மாமனுக்கு இடம் இல்லை என்று அர்த்தமில்லை. நான் பார்த்த பல வீடுகளில் வெள்ளை உடையை அவர்தான் எடுத்துவருகிறார். வாசல்வரை குழந்தையைத் தூக்கிவருவதும் அவர்தான். முன்கூட்டியே போய், "மாமா, ஞானத்தந்தை வேறு ஒருவர், ஆனால் துணி நீங்கள்தான் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். கோவிலில் வைத்து முதல்முறையாகச் சொல்லிவிட்டால், அப்புறம் அவர் விருந்துக்கு இருக்கமாட்டார்.

கணவர் இந்து. குழந்தைக்குக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். ஆனால் அவருக்குத் தெரியாமல் ரகசியமாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். வீட்டைப் பிளந்து கொடுக்கும் தண்ணீர் யாருக்கும் ஆறுதலாக இருக்காது. கொஞ்சம் பொறுங்கள், பேசுங்கள்.

புனிதர் பெயர்தான் வைக்க வேண்டுமா? தமிழ்ப் பெயர் கூடாதா?

தாராளமாக வைக்கலாம். கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. அமுதன், அருள்மொழி, இனியா எல்லாம் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர் என்று வைத்தால்தான் பின்னால் அலைச்சல். இரண்டிலும் ஒரே எழுத்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் கொடுக்கலாமா? தீட்டு முடியாமல் தாய் வரலாமா?

திருச்சபைக்கு ஆடியும் இல்லை, ராகு காலமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பாஸ்கா இரவும் மிகப் பொருத்தம். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். லுத்தருக்குப் பிறந்த மறுநாளே, 1483 நவம்பர் 11 அன்று கொடுத்தார்கள். அன்று புனித மார்ட்டின் திருநாள் என்பதால்தான் அவர் பெயர் மார்ட்டின்.

தீட்டு என்று தாயைத் தள்ளி உட்கார வைக்காதீர்கள். நாற்பதாம் நாள் கணக்கு பார்க்கும் கிழக்கத்திய சபைகள் உண்டு. ஆனால் நம் பங்குகளில் தாய்தான் குழந்தையோடு முன்னால் நிற்க வேண்டும். உடம்பு தேறவில்லை என்றால் அதற்காகக் காத்திருப்பது வேறு விஷயம்.

குழந்தை ஆஸ்பத்திரியில் மோசமான நிலையில் இருக்கிறது. குருவை அழைக்க நேரமில்லை. என்ன செய்வது?

நீங்களே கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால், கிறிஸ்தவர் அல்லாத நர்ஸ் கொடுத்தாலும் செல்லும். கொஞ்சம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, குழந்தையின் பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொன்னால் போதும். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே சொல்லலாம். லுத்தரன் சபையிலும் அவசர ஞானஸ்நானம் இதே முறைதான்.

இன்குபேட்டரில் இருக்கும் குழந்தை என்றால் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் தரும் சுத்தமான தண்ணீரில் சில துளி, தோலில் பட்டு ஓடினால் போதும். எண்ணெய், மெழுகுதிரி, வெள்ளைத்துணி எதுவும் அப்போது வேண்டாம். பிழைத்து வந்தபின் பங்கில் சொல்லுங்கள். மறுபடி தண்ணீர் ஊற்றாமல், விடுபட்ட சடங்குகளை மட்டும் கோவிலில் நிறைவேற்றிப் பதிவு செய்வார்கள்.

தண்ணீர் ஊற்றும் முன்பே குழந்தை போய்விட்டால்? இதைக் கேட்டு அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். திருமுழுக்குப் பெறாத குழந்தைகள் லிம்போ என்ற இடத்துக்குப் போகும் என்று பழைய தலைமுறையில் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒருபோதும் கட்டாய விசுவாச சத்தியமாக இருந்ததில்லை. அந்தக் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று 2007-இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் எழுதியது. ஆயர் அனுமதியோடு கிறிஸ்தவ முறையில் அடக்கமும் செய்யலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொள்ளும் தாய் யாராவது இதைப் படித்தால்: அம்மா, நீங்கள் குழந்தையைக் காப்பாற்றத்தானே ஓடினீர்கள்.

பெரியவர்கள் பெறுவதற்கு எவ்வளவு காலம்?

கத்தோலிக்கத்தில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் ஆயத்தம். பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவார்கள். கலியாணத் தேதி குறித்துவிட்டு இரண்டு வாரத்தில் முடித்துக்கொடுங்கள் என்று வருபவர்களிடம் பங்குத்தந்தையர் தயங்குவது இதனால்தான்.

பெற்றால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

கூச்சத்தோடு கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி நிலை ஏறக்குறைய இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956-இல் சீக்கியர் பொதுவாகவும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது. குழந்தையில் திருமுழுக்குப் பெற்று, கிறிஸ்தவராக வாழ்ந்த ஒரு பெண் இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரி வழக்கில், தர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தண்ணீர் ஊற்றியதால் யாருடைய ஏழ்மையும் அவமானமும் மறைந்துவிடுவதில்லை. இந்த ஆணை அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் சட்டம் இன்று இப்படி இருக்கிறது. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மறைத்துப் பதிவு செய்யச் சொல்லி உபதேசியாரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

தாய்வீட்டில் பிரசவம், அங்கேயே கொடுத்துவிட்டோம். சான்றிதழ் எங்கே வாங்குவது?

கொடுத்த பங்கில்தான் பதிவேடு இருக்கும். குடியிருக்கும் பங்கிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கிப் போவது முறை. கத்தோலிக்கத்தில் உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அதே திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். கலியாணத்தின்போது பழைய சான்றிதழ் இருந்தாலும் புதிதாக வாங்கிவரச் சொல்வது அதற்காக. நாளையும் பங்கின் பெயரையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவையுங்கள். இது பிறப்புச் சான்றிதழுக்கு மாற்று அல்ல, அதைத் தனியாக வாங்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

சடங்குக்கு ஒன்றும் இல்லை. காணிக்கை கொடுக்க முடியாததால் யாருக்கும் திருமுழுக்கு போன்ற அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மண்டபம், பிரியாணி, ஃப்ளெக்ஸ் எல்லாம் நாமாகச் சேர்த்தது. வட்டிக்கு வாங்கி விருந்து வைத்த ஒரு குடும்பம் அந்தக் கடனை அடைக்கக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் குவாரி வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். பாயசம் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலே போதும்.

சொந்தக்காரர் சபையில் குழந்தைப் பிரதிஷ்டை. ஞானஸ்நானம் இல்லையாம். நாங்கள் போகலாமா?

போங்கள். முழுக்குக் கொடுக்கும் சபைகளில் கைக்குழந்தையைப் பாஸ்டர் கையில் ஏந்தி ஜெபித்து ஆண்டவருக்கு அர்ப்பணிப்பார். அன்னாள் சாமுவேலைக் கொண்டுபோய்விட்ட நினைவில் செய்வது.

தம்பிக்குப் பையன் பிறந்தபோது அப்பா வரமாட்டார் என்றே நினைத்தோம். காலையிலேயே குளித்து வேட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். சபையில் பாஸ்டர் ஜெபம் முடித்துக் குழந்தையைத் திருப்பித் தர வந்தபோது, தம்பி ஒதுங்கி நின்று அப்பா பக்கம் கை காட்டினான். அப்பா வாங்கினார். தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கெல்லாம் செய்தது போல நெற்றியில் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை வரைந்தார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.